பெரியப்பாவின் பிளேட்டுகள்: விற்பதா, காப்பகத்துக்குக் கொடுப்பதா?

மயிலாடுதுறை வீட்டுப் பீரோவைத் திறந்துவிட்டதும், பழைய இசைத்தட்டு வாங்க வந்த வியாபாரி பிளேட்டுகளைத் தொடவில்லை. முதலில் மோந்து பார்த்தார். "பூசணம் ஏறல சார். பெரியவர் நல்லாத்தான் வெச்சிருந்திருக்காரு" என்றார். பிறகு தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார். 78 பிளேட், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டு, என்றால் விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டுவார். மயிரிழை விரிசல் இருந்தால் நகம் தடுக்கும். பிற்பாடு வந்த எல்.பி என்ற நீள ஓட்டத் தட்டு என்றால் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, கீறல் மின்னுகிறதா என்று பார்ப்பார். ஒரு மணி நேரத்தில் மூன்று அடுக்கு ஆயிற்று.

முதல் அடுக்கில் இளையராஜா, எம்.எஸ்.வி. எல்.பி-கள், மொத்தம் 34. "இதுக்கு ஆள் இருக்கு. 38 ரூபா தரேன்" என்றார். ரூபா என்றால் அவர்கள் கணக்கில் ஆயிரம். இரண்டாவது அடுக்கு 340 பிளேட் 78-கள். பிளேட்டுக்கு நிஜமாகவே 40 ரூபாய், எடுத்தால் மொத்தமாக. மூன்றாவதில் சக்கரத்தில் சுற்றிய ஒலிநாடாக்களான ஸ்பூல் டேப்புகள் 41, பெரியப்பா ஸ்வரம் எழுதி வைத்திருந்த நோட்டுகள், ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பாட்டுப் புத்தகங்கள். அதற்கு அவர் விலையே சொல்லவில்லை. "இதெல்லாம் உங்க குடும்ப சமாச்சாரம் சார், நீங்களே வெச்சுக்கங்க" என்று முழங்கையால் ஒதுக்கி வைத்தார்.

அன்று எடுத்த படங்களைச் சென்னையில் ஒரு காப்பகத்தில் வேலை பார்க்கும் நண்பருக்கு அனுப்பினேன். அவர் எல்.பி அடுக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அதெல்லாம் நாலு இடத்துல இருக்கு. அந்த ஸ்பூலை மொதல்ல மச்சு ரூம்லேர்ந்து கீழ இறக்குங்க. நோட்டுக்கு நடுவுல கற்பூரம், அந்துருண்டை எதுவும் போட்டுடாதீங்க" என்றார்.

இந்த இரண்டு பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. சந்தையில் எது விலை போகிறதோ அது பெரும்பாலும் காப்பகத்துக்கு வேண்டாம். காப்பகம் கேட்டு வாங்குவதைச் சந்தையில் சீந்த ஆள் இல்லை. விற்பதா கொடுப்பதா என்று மொத்த பீரோவுக்கும் ஒரே கேள்வி போட்டால் விடை வராது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. பீரோ ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு ஜாதிப் பொருள்கள்.

முதலில் 78. இந்தியாவில் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் முதல் பதிவுகளைச் செய்தது 1902 நவம்பரில். கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது அந்தக் காலப் பிளேட்டுகளில் கேட்கும். பிளேட் அச்சாவது ஜெர்மனியின் ஹானோவரில் என்பதால், யார் பாடியது என்று அங்கே இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். 1908-ல் கல்கத்தாவிலேயே ஆலை வந்துவிட்டது. அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து அழுத்திய தட்டு, ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம் சொச்சம். கைதவறினால் அப்பளம்.

எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் இறந்தபோது அவருக்கு வயது 27. சினிமாவில் நடிக்கவில்லை, எல்.பி என்ற ஒன்று அப்போது பிறக்கவில்லை. மேடையில் ஊரைக் கட்டிப்போட்ட அந்தக் குரல் இன்று நமக்குக் கிடைப்பதெல்லாம் 78 பிளேட்டில் அடங்கிய அளவுதான். வீணை தனம்மாளும் அப்படியே. 1930-களில் பதிவான கொஞ்சம் பிளேட்டுகள் இல்லையென்றால் அந்த விரலுக்கு வாய்வழிச் சாட்சி மட்டும் மிஞ்சியிருக்கும். பாடகி கோயம்புத்தூர் தாயி 1917-ல் மறைந்தார். அவருடைய பிளேட்டைக் கேட்டுச் சொக்கிப்போன மோரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், இந்தியா வந்தபோது அவரைத் தேடிப்போய் நேரில் கேட்டார். நம்மூரில் தாயியின் பெயரைத் தெரிந்தவர்கள் இன்று கர்நாடக சங்கீத வட்டத்திலேயே குறைவு.

ஆனாலும் 78 என்பது அச்சுப் பொருள். ஒரே பாட்டுக்குப் பல பிரதிகள் வந்தன. மயிலாடுதுறையில் இருக்கும் பிளேட் மலாக்காவிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கலாம். ஆகவே 78-ஐப் பொறுத்தவரை "இது எத்தனை பழசு?" என்பதைவிட "இது வேறு எங்கே இருக்கிறது?" என்பதே சரியான கேள்வி. அதற்குப் பட்டியல் வேண்டும். லேபிள், கம்பெனி எண், லேபிளுக்கு வெளியே அரக்கில் பொறித்து, எந்தப் பதிவு என்று அடையாளம் காட்டும் மேட்ரிக்ஸ் எண், பாடியவர், இரண்டு பக்கப் பாட்டு. விற்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் இந்த வேலை பொது. இதைச் செய்யாமல் எதைச் செய்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதுதான்.

இனி வியாபாரி பக்கம். சங்கீதத்தைக் காசாக்குகிறவர்கள் என்று இவர்களை இளக்காரமாகப் பேசுவது காப்பகத்துக்காரர்கள் சிலரின் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய பேப்பர் கடைக்கும் காயலான் கடைக்கும் எடைக்குப் போக இருந்ததை வழிமறித்து வாங்கியவர்கள் இவர்கள்தான். சென்னை மூர் மார்க்கெட் நடைபாதையில் குந்திப் பொறுக்கிய ரசிகர்கள் இல்லையென்றால் இன்று பேசப் பொருளே இருக்காது. வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் பிளேட்டுகளைச் சேர்த்தது எந்த அரசு மானியத்திலும் அல்ல. மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தனி ரசிகர்கள் கூடி நடத்தியது. 'யங் இந்தியா' என்ற மும்பை லேபிளின் பிளேட்டுகள் பிற்பாடு பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்வடிவம் பெற்றதும் அந்தச் சங்கத்துக்காரர் ஒருவரின் உழைப்பால்தான். காசு கொடுத்து வாங்கியவன் பொருளைத் துடைத்து வைப்பான். இலவசமாக வந்தது மூலையில் கிடக்கும். இது எல்லா ஊரிலும் பார்க்கிற சங்கதி.

வெளிநாட்டிலும் நல்ல உதாரணம் உண்டு. எல்விஸ் பிரெஸ்லி பிரபலமாகும் முன்பு சொந்தக் காசில் பதிவு செய்த ஒற்றைப் பிளேட் 2015-ல் 3 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. எடுத்தவர் ஜாக் ஒயிட் என்ற ராக் இசைஞர். அதைப் பூட்டி வைக்காமல் அதே வருஷம் நகலெடுத்து வெளியிட்டுவிட்டார். எல்லோரும் ஜாக் ஒயிட் அல்ல என்பதும் உண்மை.

இந்த மாதிரிச் செய்திகளைப் படித்துவிட்டு வீட்டுப் பரணை அண்ணாந்து பார்ப்பதுதான் ஆபத்து. 2020-ல் அமெரிக்க ராக் பாடகர் கர்ட் கோபேனின் கிட்டார் 60 லட்சம் டாலருக்குப் போனது என்று வாட்ஸ்அப்பில் வந்த அன்று என் அண்ணன், பெரியப்பா மகன், பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். "டேய், அப்பாவோட தம்புரா கூட இருக்குல்ல?" என்றான். அந்தக் கிட்டாருக்கு விலை கிட்டாரால் வந்ததல்ல; யார் கையில், எந்த மேடையில் இருந்தது என்று கேள்விக்கிடமின்றி நிரூபிக்கும் தொடர்ச்சி அதற்கு இருந்தது. நம்மிடம் பெரும்பாலும் அந்தத் தொடர்ச்சி இல்லை. இருக்கிற துளியையும் நாமே அழிக்கிறோம்.

அதற்கு ஓர் உதாரணம் பீரோவிலேயே இருந்தது. பெரியப்பா வாங்கிய எல்.பி ஒவ்வொன்றின் உறையிலும், பின்பக்கம் வலது மூலையில், பால்பாயிண்ட் பேனாவால் தேதி, கடை, விலை மூன்றையும் எழுதியிருப்பார். சிலதில் கூடுதலாக ஒரு வரி: "போனஸ்", "மழை, கடையிலேயே 2 மணி நேரம் கேட்டது." வியாபாரி அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எழுத்து இல்லாட்டி இன்னும் நல்லா போகும் சார். லைட்டா ஸ்பிரிட் வெச்சுத் தொடச்சாப் போயிடும்." காப்பக நண்பரோ அந்த எழுத்தைப் பார்த்ததும்தான் எல்.பி படங்களைப் பெரிதாக்கினார். ஒரு சின்ன ஊரில் ஒரு மின்வாரிய ஊழியர் எந்த வருஷம், எந்தக் கடையில், எவ்வளவு கொடுத்துப் பாட்டு வாங்கினார் என்பது எந்தக் கம்பெனிக் கணக்கிலும் கிடைக்காது. ஒரே மூன்று வரி, ஒருவருக்கு அழுக்கு, இன்னொருவருக்குச் சரக்கு.

(ஸ்பிரிட் என்றதும் இன்னொன்று. எல்.பி உறையில் என்ன செய்வீர்களோ தெரியாது, 78 பிளேட்டில் மட்டும் ஸ்பிரிட் பட்டுவிடக் கூடாது. அரக்கு சாராயத்தில் கரையும். துடைத்த இடத்தில் பாட்டே இருக்காது.)

விற்பதன் பெரிய பாவம் காசு வாங்குவது அல்ல, பிரிப்பது. 34 எல்.பி 34 ஊருக்குப் போகும். அவை ஒன்றாக இருந்தபோது ஒரு மனிதரின் 40 வருஷ ருசி தெரிந்தது. பிரிந்த பிறகு அவை வெறும் எல்.பி. வியாபாரியைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு வருகிறவர்கள் ஒன்றொன்றாகத்தான் கேட்கிறார்கள்.

பாட்டுப் புத்தகத்தில் இது இன்னும் கூர்மை. கொட்டகை வாசலில் ஓரணா இரண்டணாவுக்கு விற்றவை. கதையைப் பாதி சொல்லி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிப்பார்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி படத்துப் புத்தகத்துக்கு ரசிகர் வட்டத்தில் கிராக்கி உண்டு. 1930-களில் வந்து, நடித்தவர் பெயரே மறந்துபோன படத்துப் புத்தகத்துக்குக் கிடையாது. ஆனால் அந்தக் காலப் படங்களில் பலவற்றுக்குப் பிரதியே இன்று இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' கூட நமக்குக் கிடைக்கவில்லை. மீதியை எந்தத் திரையிலும் காண முடியாத நிலையில், அந்தப் படத்துக்கு மிஞ்சிய சாட்சி இந்த மக்கிய தாள்தான். கட்டிலிருந்து எம்.ஜி.ஆரை மட்டும் உருவி விற்றுவிட்டு மீதியைப் பேப்பர் கடைக்குப் போட்ட வீடுகளை எனக்குத் தெரியும்.

வெளிநாட்டுக்கு விற்கலாம், அங்கே விலை அதிகம் என்று யாராவது சொன்னால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, வரலாற்று அல்லது கலை மதிப்புள்ள 100 ஆண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. கையெழுத்துப் படி, ஆவணம் என்றால் 75 ஆண்டே போதும். தாத்தா எழுதிய கீர்த்தனை ஸ்வர நோட்டு அந்த வயதைத் தொட்டிருக்கலாம். கூரியர் கட்டுமுன் இதைத் தெரிந்தவரிடம் கேட்பது நல்லது.

சரி, காப்பகம் என்றால் என்ன நடக்கும்? நல்ல இடமென்றால், பிளேட்டைக் கழுவி, 78-க்கு உரிய தடித்த ஊசியால் ஓட்டி, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் எந்தச் சுருக்கமும் இல்லாமல் பதிவார்கள். எல்.பி ஊசியால் 78-ஐ ஓட்டி, எம்பி3 ஆக்கி, இரைச்சலை அழிக்கிறேன் என்று தம்புராவையும் சேர்த்து அழித்த பதிவுகள் இணையத்தில் ஏராளம். வேகம் இன்னொரு சிக்கல். 78 என்று பெயரே தவிர, பழைய பிளேட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. 74-ல் பதிந்த பிளேட்டை 78-ல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். அந்தக் காலத்து வித்வான்கள் எல்லாம் அப்படி ஒரு உச்சத்தில், அப்படி ஒரு வேகத்தில் பாடினார்கள் என்று நாம் வியப்பதில் ஒரு பங்கு மோட்டாருக்குச் சேர வேண்டியதாக இருக்கலாம். இதை ஒத்துப் பார்த்துச் சரிசெய்ய, ஒரே பாடகரின் பல பிளேட்டுகள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சிதறாமல் இருப்பதன் பலன் இங்கேதான் தெரியும்.

எங்கே கொடுப்பது? தமிழ் அச்சுப் பொருள், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு என்றால் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலில் நினைவுக்கு வரும். ஒலிப்பதிவு, குறிப்பாக வேறெங்கும் இல்லாத கள ஒலிப்பதிவும் தனிச் சேகரமும் என்றால் 1982-ல் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் இனவிசையியல் ஆவண ஆய்வு மையம் இருக்கிறது. கொடுப்பவரோடு ஒப்பந்தம் எழுதி, யார் கேட்கலாம், யார் நகல் எடுக்கலாம் என்று கொடுப்பவரே நிபந்தனை போட அங்கே வழி உண்டு. சென்னை மியூசிக் அகாடமியில் இருக்கும் டிஜிட்டல் ஒலிக்காப்பகத்தில் உட்கார்ந்து கச்சேரி கேட்கலாம். இலங்கைத் தமிழ்ப் பொருள் என்றால் 'நூலகம்' என்ற பெயரிலேயே இயங்கும் நிறுவனம்.

ஆனால் காப்பகம் என்ற சொல்லுக்குள் "காப்பு" இருப்பதாலேயே எல்லாம் காக்கப்பட்டுவிடாது. பல வருஷத்துக்கு முன் எங்கள் குடும்ப நண்பர் ஒருவரின் சேகரத்தை ஒரு நிறுவனத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மாலை, காபி, போட்டோ எல்லாம் நடந்தது. பட்டியல் வாங்கிக்கொள்ளவில்லை, ரசீதில் "பழைய இசைத்தட்டுகள், 6 பெட்டி" என்று ஒரு வரி. மூன்று வருஷம் கழித்து அதில் ஒரு பாட்டைக் கேட்கப் போனேன். பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழே, நாங்கள் கட்டின சணல் கயிறு அவிழாமல் இருந்தன. அதுவும் படுக்கை வாக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக. அடிப்பெட்டியில் எத்தனை முழுசாக இருந்தன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. விற்றிருந்தால் நாலு பேர் வீட்டிலாவது சுழன்றிருக்கும் என்று அன்று நினைத்தேன். இப்போதும் அப்படி நினைப்பதில் எனக்கு வெட்கமில்லை.

நெருப்புக்கும் தனியார், பொது என்ற பேதம் தெரியாது. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்களோடு வேறு பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் போயின. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. 2003-ல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் பழைய நைட்ரேட் சுருள்கள் எரிந்தன. ஒரே பிரதி ஒரே கட்டடத்தில் இருக்கிறவரை அது பீரோவானால் என்ன, காப்பகமானால் என்ன?

கொடுப்பதென்று முடிவானால் வெட்கப்படாமல் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. உருப்படி வாரியான பட்டியலில் இரு தரப்புக் கையெழுத்து. எத்தனை மாதத்தில் மின்வடிவம் ஆகும், அதன் நகல் குடும்பத்துக்கு உண்டா. அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் பிரதியை என்ன செய்வார்கள், எடைக்குப் போடுவார்களா, திருப்பித் தருவார்களா. நிறுவனமே நாளை மூடினால் பொருள் யாருக்குப் போகும். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மாறினால், அதுவே ஒரு பதில்.

விற்பதும் காப்பகமும் எதிரிகள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ரோஜா முத்தையாவின் கதையையே சொல்லலாம். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். வாழ்நாளெல்லாம் நூல், பத்திரிகை, நோட்டீசு, அழைப்பிதழ் என்று ஒரு லட்சம் உருப்படிகளுக்கு மேல் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு குடும்பம் அதைத் தானம் செய்யவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்து 1994-ல் நூலகமாக்கினார்கள். குடும்பத்துக்கும் கிடைத்தது, சேகரமும் உடையவில்லை, ஊரை விட்டும் போகவில்லை. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனும் இதைத்தான் செய்தார். தன் கையெழுத்துப் படிகளையும் ஒலிநாடாக்களையும் ஏலத்தில் விட்டிருந்தால் ஒவ்வொரு தாளும் ஒரு பணக்காரர் சுவரில் தொங்கியிருக்கும். அவருடைய ஒரே ஒரு பாட்டின் கையெழுத்துப் படி 2014-ல் 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஆனால் தன் வசமிருந்ததை 2016-ல் ஓர் அறக்கட்டளைக்கும் டல்சா பல்கலைக்கழகத்துக்கும் மொத்தமாக விற்றார். 2022-ல் அங்கே அவர் பெயரில் மையமே திறந்துவிட்டது.

பெரியப்பா, ரோஜா முத்தையாவும் அல்ல, டிலனும் அல்ல. 340 பிளேட்டுக்குப் பல்கலைக்கழகம் ஓடிவராது. ஆனாலும் அந்த வழியின் சாரத்தைச் சின்ன அளவில் கடைப்பிடிக்கலாம்: உடைத்து நிறைய வாங்குவதைவிட உடைக்காமல் கொஞ்சம் குறைவாக வாங்குவது.

இதுவரை நான் சொல்லாமல் வைத்திருப்பது ஸ்பூல். பெரியப்பா ரிட்டையர் ஆவதற்கு முன்பே ஒரு ஸ்பூல் ரிக்கார்டர் வாங்கியிருந்தார். கோயில் உற்சவத்து நாகஸ்வரம், கல்யாணக் கச்சேரி, வானொலியில் ராத்திரி வந்த சங்கீத சம்மேளனம் எல்லாம் அதில் ஏறின. பெட்டி முதுகில் ஊர், தேதி, பக்கவாத்தியம் வரை எழுதியிருக்கிறார். இதற்கு அச்சுப் பிரதி கிடையாது. உலகத்திலேயே ஒன்று. சந்தையில் இதற்கு விலை பூஜ்யம். சொல்லப்போனால் அதற்கும் கீழே, ஏனென்றால் அந்தக் காலத்திலேயே பழைய ஸ்பூலை வாங்கி மேலே சினிமாப் பாட்டைப் பதிந்து விற்றவர்கள் உண்டு.

அதோடு ஸ்பூல் காத்திருக்காது. 78 பிளேட் நிமிர்த்தி வைத்து ஈரம் படாமல் இருந்தால் இன்னும் 100 வருஷம் கிடக்கும். நாடா அப்படியல்ல. அசிடேட் நாடா சீரழிய ஆரம்பித்தால் பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கும். 1970-களிலும் 80-களிலும் வந்த சில நாடாக்களில் பசை ஈரம் குடித்து இளகி, ஓட்டினால் மெஷினின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு உரியும். காந்தப் பூச்சு உரிந்தால் பாட்டும் அதோடு போயிற்று. ஓட்டிப் பார்க்கலாமே என்று பழைய மெஷினில் மாட்டுவதுதான் நிறைய ஸ்பூலுக்கு முடிவு. எங்கள் 41-ல் 3 பெட்டியில் நெடி இருந்தது. அவற்றைத் தனியாகப் பிரித்து, மற்ற எதற்கும் முன்னால் அனுப்பினோம்.

நகலெடுத்துவிட்டால் எல்லாம் நம் சொத்து என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. பிளேட் நம்முடையது, பாட்டு நம்முடையதல்ல. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. 1960-ல் வந்த பிளேட்டுக்கு அது 2020 முடிவோடு தீர்ந்தது, இளையராஜா எல்.பி எதற்கும் இன்னும் தீரவில்லை. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை தனி, அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு ஓடும். கல்யாணக் கச்சேரி ஸ்பூலில் பாடியவருக்கும் உரிமை இருக்கலாம். அதைக் காசுக்கு வெளியிடுமுன் அவரிடமோ வாரிசிடமோ கேட்டுவிடுவது நல்லது. காப்பகங்கள் "இங்கே வந்து கேளுங்கள், நகல் தர மாட்டோம்" என்பதைத் திமிர் என்று நானும் திட்டியிருக்கிறேன். பாதி நேரம் அது சட்டம்.

வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று ஒரு வழியும் இருக்கிறது. 340 பிளேட் என்றால் கிட்டத்தட்ட 70 கிலோ. பிளாட்டில் அதற்கு இடமும், எனக்குப் பிறகு அதைத் தூக்க ஆளும் இருந்தால் தாராளமாக. எங்களுக்கு இரண்டும் இல்லை.

கடைசியில் நடந்தது இது. அண்ணனுக்கு மொத்தத்தையும் விற்றுவிட ஆசை, எனக்கு மொத்தத்தையும் கொடுத்துவிட ஆசை. பெரியம்மாதான் தீர்த்து வைத்தார். "அவர் காசு குடுத்து வாங்கினத வித்துக்கோங்கோ. அவர் கையால எழுதினதையும் டேப்புல பிடிச்சதையும் விக்காதீங்கோ." காப்பகத் துறையில் இருப்பவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற அளவுகோலை இவ்வளவு சுருக்கமாக நான் எங்கேயும் படித்ததில்லை. ஸ்பூலும் நோட்டும் ஒப்பந்தம் எழுதிக் காப்பகத்துக்குப் போயின. பாட்டுப் புத்தகம் அவர் எழுதியதல்ல என்றாலும் பெட்டியோடு போயிற்று. அதற்கு அண்ணனை இரண்டு மாதம் கெஞ்சினேன். 78 பட்டியலைப் பார்த்து 57 பிளேட் தங்களிடம் இல்லை என்று காப்பகம் எடுத்துக்கொண்டது. பெரியம்மா 9 வைத்துக்கொண்டார். மீதியை உடைக்காமல் தஞ்சாவூர்ப் பக்கத்து ரசிகர் ஒருவர் வாங்கினார், வியாபாரி சொன்னதைவிடப் பிளேட்டுக்கு 10 ரூபாய் குறைத்து. அண்ணன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

எல்.பி 34-ம் வியாபாரிக்கே. உறைகளின் பின்பக்கத்தை எல்லாம் படமெடுத்துக்கொண்டேன். எழுத்தைத் துடைக்கக் கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன், துடைப்பாரா இல்லையா என்பது அவர் பாடு. அதில் ஒரு எல்.பி-க்கு மட்டும் உறை இல்லாமல் செய்தித்தாளில் சுற்றியிருந்தது. "உறை இருந்தா மூணு ரூபா, இல்லாட்டி ஒண்ணு" என்று கழித்துக்கொண்டு போனார்.

போன மாதம் வீட்டைக் காலி செய்தபோது சமையலறைப் பரணில், மாவடு ஜாடிக்கு அடியில், அந்த உறை இருந்தது. எண்ணெய் ஒரு மூலையில் மட்டும் ஊறியிருந்தது, படம் பளிச்சென்று. அங்கேயே நின்று வியாபாரிக்குப் போன் போட்டேன்.

"அடடே, கெடச்சிருச்சா சார்! குடுங்க, மீதி காசு தந்துடறேன்" என்றவர், ஒரு வினாடி நிறுத்திக் கேட்டார்: "பின்னாடி ஏதாச்சும் எழுதியிருக்காரா?"